அடிமையாக இருந்தவர்கள் எழுதிய தன்வரலாறுகள்: அடி எங்கே விழுந்தது?

வெள்ளெருக்கு (கேள்வி):

ஒலாடா ஈக்வியானோ (1789), மேரி பிரின்ஸ் (1831), ஃப்ரெடரிக் டக்ளஸ் (1845), சாலமன் நார்த்தப் (1853), ஹேரியட் ஜேக்கப்ஸ் (1861). இந்த வரிசையைப் பற்றி எழுதுகிறவர்கள் "வாசகர்களின் மனசாட்சியை உலுக்கின" என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எது உலுக்கியது, எப்படி உலுக்கியது என்று கேட்டால் பதில் இல்லை.

அடிமை முறை கொடூரமானது என்பது இந்தப் புத்தகங்கள் வரும் முன்பே தெரிந்த சங்கதிதான். பாதிரிமார்கள் எழுதியிருக்கிறார்கள். அடிமைக் கப்பல்களில் வேலை பார்த்த வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்படியிருக்க, அடிபட்டவரே எழுதியபோது கூடுதலாக என்ன நடந்தது? ஏறக்குறைய எல்லாப் புத்தகத்திலும் வாசலிலேயே ஒரு வெள்ளைக்காரர் முன்னுரையோடு நிற்கிறாரே, அது எதற்கு? "அத்தனையும் கட்டுக்கதை" என்று எதிர்த்தரப்பு சொன்னபோது என்ன செய்தார்கள்? பாராட்டுரை வேண்டாம். அந்த எழுத்து வேலை செய்த விதம் தெரிய வேண்டும்.

பழுப்புத்தாள்:

உங்கள் முதல் கேள்விக்கான விடை இலக்கியத்தில் இல்லை, சாட்சியச் சட்டத்தில் இருக்கிறது.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல முடியாது. அடிமைக்கு மட்டுமல்ல, சுதந்திரமாகப் பிறந்த கறுப்பருக்கும் இதே கதிதான். டக்ளஸின் புத்தகத்தில் இதற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, மேரிலாந்தில் கர்னல் லாயிட் தோட்டத்தில் ஆஸ்டின் கோர் என்ற கங்காணி, டெம்பி என்ற அடிமையைச் சுட்டுக் கொன்றது. பார்த்தவர்கள் எல்லாரும் அடிமைகள். ஆகவே வழக்கே கிடையாது. இன்னொன்று, பால்டிமோர் கப்பல் பட்டறையில் வெள்ளைத் தொழிலாளர்கள் டக்ளஸைக் கூடி அடித்தது. எசமான் ஹியூ ஆல்டே கோபப்பட்டு அதிகாரியிடம் அழைத்துப் போகிறார். "வெள்ளைக்கார சாட்சி இருக்கிறதா?" என்ற கேள்வியோடு விஷயம் முடிந்துபோகிறது. ஆயிரம் கறுப்பர்கள் பார்த்திருக்கக் கொலை நடந்தாலும், அந்த ஆயிரம் பேரின் வாக்குமூலமும் சேர்ந்து ஒரு கொலைகாரனைக் கைது செய்யப் போதாது என்று டக்ளஸ் எழுதுகிறார்.

இப்போது புத்தகத்தைப் பாருங்கள். நீதிமன்றத்தில் கிடைக்காத சாட்சிக் கூண்டு அச்சகத்தில் கிடைக்கிறது. அதனால்தான் டக்ளஸின் எழுத்து வாக்குமூலம் மாதிரி இருக்கிறது: ஆள் பெயர், மாவட்டத்தின் பெயர், தோட்டத்தின் பெயர், யார் யாருக்கு உறவு. எசமான் தாமஸ் ஆல்ட், வாடகைக்கு எடுத்து வேலை வாங்கிய எட்வர்ட் கோவி, முதல் எசமான் கேப்டன் அந்தோணி என எல்லாமே நிஜப் பெயர்கள். அப்போது உயிரோடு இருந்தவர்களின் பெயர்களும் அதில் உண்டு.

கணக்கும் அப்படித்தான். பெரியவர்களுக்கு மாதத்துக்கு 8 ராத்தல் பன்றிக்கறி அல்லது அதற்கு ஈடான மீன், ஒரு புஷல் மக்காச்சோள மாவு. ஆண்டுக்கு முரட்டு லினன் சட்டை இரண்டு, லினன் கால்சட்டை ஒன்று, மேலங்கி ஒன்று, குளிர்காலக் கால்சட்டை ஒன்று, காலுறை ஒரு ஜோடி, காலணி ஒரு ஜோடி. எல்லாம் சேர்ந்து 7 டாலருக்கு மேல் போகாது. வேலைக்குப் போகாத குழந்தைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு சட்டை மட்டும். அவை கிழிந்துபோனால் அடுத்த விநியோக நாள் வரை அம்மணம்தான். இந்தப் பத்தியில் கண்ணீர் என்ற சொல்லே கிடையாது. கணக்குப்பிள்ளையின் ஏடு மாதிரி இருக்கும். வெளியூர்ப் பாதிரியாருக்கு இந்தக் கணக்கு எப்படிக் கிடைக்கும்? வாங்கித் தின்றவருக்குத்தான் தெரியும்.

நார்த்தப் (சுதந்திரமாகப் பிறந்து, கடத்தி விற்கப்பட்டவர்) இன்னும் ஒரு படி மேலே போகிறார். லூசியானாவில் பருத்தி பறிப்பதற்கு ஒரு நாளைய அளவு 200 ராத்தல். சாயங்காலம் கூடையைத் தராசில் வைக்கும்போது எடை குறைந்தால் சவுக்கு. கூடினாலும் நல்லதில்லை. பத்து இருபது ராத்தல் அதிகம் பறித்தவருக்கு மறுநாள் அளவு அதற்கேற்ப ஏறும். ஆகவே, எவ்வளவு களைத்திருந்தாலும் தராசை நோக்கிப் போகும் ஒவ்வொருவருக்கும் நெஞ்சில் பயம். "எசமான் கொடூரமானவர்" என்ற வாக்கியத்தை எதிர்த்து வாதாடலாம், நல்ல எசமானும் உண்டு என்று சொல்லிவிடலாம். தராசை எதிர்த்து என்ன வாதாடுவது? கொடுமை ஒருவருடைய குணத்தில் இல்லை, வேலை நடக்கும் முறையில் இருக்கிறது என்பதை அந்த ஒரு பக்கம் காட்டிவிடுகிறது.

மூன்றாம்பதிப்பு:

முன்னுரை விஷயத்தைப் பார்ப்போம். அந்தக் காலப் பிரதி ஒன்றைப் பிரித்தால், பாகங்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில் இருக்கும். முதலில் எழுதியவரின் படம், பெரும்பாலும் கையெழுத்தோடு. தலைப்புப் பக்கத்தில் "தானே எழுதியது" என்ற வரி. பிறகு சான்றுக் கடிதங்கள். பிறகு "நான் இந்த ஊரில் பிறந்தேன்" என்று தொடங்கும் வரலாறு. கடைசியில் பின்னிணைப்பு: விற்பனைச் சீட்டு, விடுதலைப் பத்திரம், செய்தித்தாள் துணுக்கு. நார்த்தப்பின் பின்னிணைப்பில், கடத்தப்பட்ட குடிமக்களை மீட்பதற்காக நியூயார்க் மாநிலம் 1840இல் இயற்றிய சட்டமும், அவருடைய மனைவி ஆன் ஆளுநருக்குக் கொடுத்த மனுவும் அப்படியே இருக்கின்றன.

இதில் எதுவும் அலங்காரம் இல்லை. எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே பல தென்மாநிலங்களில் குற்றம். 1831இல் நாட் டர்னர் என்ற அடிமை நடத்திய கிளர்ச்சிக்குப் பிறகு இந்தக் கெடுபிடி இன்னும் இறுகியது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவர் எழுதிய புத்தகம் என்றால், வாசகருக்கு வரும் முதல் சந்தேகமே "இவரா எழுதினார்?" என்பதுதான். கையெழுத்தும், "தானே எழுதியது" என்ற வரியும், கடிதங்களும் அந்த ஒரு சந்தேகத்தை மறிக்க வைத்த வேலி. டக்ளஸுக்கு கேரிசன் முன்னுரையும் வெண்டெல் பிலிப்ஸ் கடிதமும் கொடுத்தார்கள். மேரி பிரின்ஸுக்குத் தாமஸ் பிரிங்கிள். ஜேக்கப்ஸுக்கு லிடியா மரியா சைல்ட். எல்லாரும் வெள்ளைக்கார அடிமை எதிர்ப்பாளர்கள்.

ஆனால் 'வாசலில் வெள்ளைக்காரர்' என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. டக்ளஸ் 1855இல் தன் வாழ்க்கையை மறுபடி எழுதினார். அதன் அறிமுகம் ஜேம்ஸ் மக்கியூன் ஸ்மித் எழுதியது. அவர் கறுப்பின மருத்துவர். பத்து வருடத்தில் என்ன மாறியது என்பதை இந்த இரண்டு முன்னுரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாலே தெரிந்துவிடும். அந்த 1855 புத்தகத்திலேயே பழைய கூட்டாளிகள் மீது அவருக்கிருந்த வருத்தமும் வெளிப்படுகிறது. மேடையில் "நடந்ததை மட்டும் சொல்லுங்கள், தத்துவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்களாம். பேச்சில் கொஞ்சம் தோட்டத்து வாடை இருந்தால் நல்லது என்றும் சொன்னார்களாம். அவர் நன்றாகப் பேசப் பேச, இந்த ஆள் அடிமையாகவே இருந்திருக்க மாட்டார் என்று கூட்டத்தில் முணுமுணுப்பு. 1845இல் ஊர், பேர் எல்லாம் போட்டு அவர் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த முணுமுணுப்புதான்.

விற்பனையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தாக்கத்தில் பாதி அதில்தான். ஈக்வியானோ லண்டனில் சந்தா முறையில் வெளியிட்டார். முன்கூட்டிப் பணம் கட்டியவர்களின் பெயர்ப் பட்டியல் புத்தகத்தின் முன்பக்கங்களில் அச்சாகும். முதல் பதிப்பில் 311 பெயர்கள், தலையில் வேல்ஸ் இளவரசர். அந்தப் பட்டியலே ஒரு அரசியல் மனு மாதிரி. பதிப்புரிமையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய் விற்று, 1794க்குள் ஒன்பது பதிப்பு கண்டார். டக்ளஸின் 1845 புத்தகம் பாஸ்டனில் அடிமை எதிர்ப்பு அலுவலக வெளியீடு, விலை 50 சென்ட். நான்கு மாதத்தில் 5,000 பிரதி. 1850 வாக்கில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சேர்த்துச் சுமார் 30,000. சோஜர்னர் ட்ரூத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது; ஆலிவ் கில்பர்ட் எழுதிக்கொடுத்த 1850 புத்தகத்தை 25 சென்டுக்குக் கூட்டங்களில் தானே விற்றார். பேச்சைக் கேட்டவர் புத்தகத்தை வாங்குவார். புத்தகத்தைப் படித்த ஊர் அடுத்து அவரைப் பேசக் கூப்பிடும். இந்தச் சுழற்சி இல்லாவிட்டால் அவை அலமாரியில் தூங்கியிருக்கும்.

நூலகப்பூனை:

"கட்டுக்கதை" குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இதில் ஜெயித்த கேஸும் உண்டு, தோற்ற கேஸும் உண்டு. தோற்றதிலிருந்து தொடங்குவது நல்லது.

1838இல் அமெரிக்க அடிமை எதிர்ப்புச் சங்கம் ஜேம்ஸ் வில்லியம்ஸ் என்பவரின் வரலாற்றை வெளியிட்டது. அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் கவிஞர் ஜான் கிரீன்லீஃப் விட்டியர். அலபாமாவில் ஒரு தோட்டத்தில் நடந்தவற்றைப் பற்றியது. அலபாமா செய்தித்தாள் ஆசிரியர் ஒருவர் கிளம்பினார்: இந்தப் பெயரில் தோட்ட முதலாளியே இங்கே கிடையாது, சொல்லப்பட்ட குடும்பங்கள் இப்படி இல்லை என்று கடிதங்களை அடுக்கினார். சங்கம் விசாரித்தது, பதில் கிடைக்கவில்லை, வில்லியம்ஸோ கையில் சிக்காத தூரத்துக்குப் போய்விட்டார். அதே வருடம் அக்டோபரில் விற்பனையை நிறுத்தினார்கள். அடிமை முறையை ஆதரித்தவர்களுக்கு அது பல வருடத்துக்குத் தீனி போட்டது.

தவறு எங்கே? தப்பி ஓடியவர் தன்னைக் காத்துக்கொள்ளப் பெயர்களை மாற்றிச் சொல்வார். அது நியாயம்தான். ஆனால் பதிப்பித்தவர்கள் அவற்றை நிஜப் பெயர்கள் என்ற உறுதியோடு அச்சிட்டுவிட்டார்கள். மாற்றிய பெயரை 'மாற்றியிருக்கிறோம்' என்று சொல்லியிருந்தால் எதிராளிக்குப் பிடி கிடைத்திருக்காது. 2013இல் வெளிவந்த ஆய்வுப் பதிப்பு, அந்த மனிதர் நிஜமாகவே அடிமையாக இருந்தவர், நிஜப் பெயர் ஷாட்ராக் வில்கின்ஸ் என்று ஆவணங்களோடு காட்டியது. 175 வருடம் தாமதம்.

வில்லியம்ஸ் புத்தகத்துக்கு ஏழு வருடம் கழித்து வந்த டக்ளஸ் ஆள் பெயர், ஊர்ப் பெயர் எதையும் மறைக்கவில்லை. 1845 முடிவதற்குள் டெலவேரிலிருந்து தாம்சன் என்பவர் மறுப்புக் கடிதம் எழுதினார். அதில் சொன்னது: கோவியை எனக்குத் தெரியும், ஆல்டைத் தெரியும், எல்லாரும் நல்ல மனிதர்கள், இந்த ஃப்ரெடரிக் பெய்லியையும் (டக்ளஸின் அடிமைக்காலப் பெயர்) தெரியும், படிப்பறிவில்லாத சாதாரண ஆள், இப்படிப் புத்தகம் எழுத முடியாது. சொல்லும்போதே தன் காலைத் தானே வாரிக்கொண்டார். டக்ளஸுக்கு வேண்டியிருந்தது, "ஆம், இவர் இங்கே அடிமையாக இருந்தார்" என்று ஒரு வெள்ளைக்காரர் தன் பெயரைப் போட்டுச் சொல்வதுதான். டக்ளஸ் நன்றி சொல்லிப் பதில் எழுதினார். 1846 டப்ளின் பதிப்பில் அந்தக் கடிதத்தையும் பதிலையும் சேர்த்தே அச்சிட்டார். எனக்குத் தெரிந்து எதிராளியின் வசையை இவ்வளவு லாபகரமாகப் பயன்படுத்திய புத்தகம் வேறில்லை.

ஆனால் பெயரைப் போட்டதற்கு விலையும் கொடுத்தார். புத்தகம் வந்த பின் அவர் யாருடைய 'சொத்து' என்பது நாட்டுக்கே தெரிந்துபோயிற்று. 1845 ஆகஸ்டில் பிரிட்டனுக்குக் கப்பல் ஏறினார். நியூகாசிலைச் சேர்ந்த ரிச்சர்ட்சன் குடும்பத்துப் பெண்கள் முன்னின்று 150 பவுண்டு திரட்டி ஆல்டுகளிடமிருந்து விடுதலையை வாங்கிக் கொடுத்த பிறகே 1847இல் அவர் ஊர் திரும்பினார். மனிதருக்கு விலை கொடுப்பது அடிமை முறையை ஒப்புக்கொள்வதாகாதா என்று அவர் தரப்பிலேயே சிலர் சண்டை பிடித்தார்கள். பிடிபட்டுத் திரும்பப் போகிற அபாயம் அவர்களுக்கு இல்லையே.

கடலோடி:

பெயர் போட்டதைச் சொன்னீர்கள், போடாமல் விட்டதையும் சொல்ல வேண்டும். 1845 புத்தகத்தில் எப்படித் தப்பினார் என்பது கிடையாது. வேண்டுமென்றே மூடிவைத்தார். 1838 செப்டம்பர் 3 அன்று, கறுப்பின மாலுமி ஒருவரின் அடையாளச் சீட்டை இரவல் வாங்கி, மாலுமி உடையில் பால்டிமோரில் ரயில் ஏறினார் என்ற விவரம் 1881இல்தான் அச்சுக்கு வந்தது. அடிமை முறை ஒழிந்து பதினாறு வருடம் கழித்து!

ஏன் என்பதற்கு ஹென்றி 'பாக்ஸ்' பிரவுன் உதாரணம். 1849இல் ரிச்மண்டிலிருந்து சுமார் 3 அடி நீளமுள்ள மரப்பெட்டிக்குள் சரக்காகத் தன்னை அனுப்பிக்கொண்டு 27 மணி நேரத்தில் பிலடெல்பியா போய்ச் சேர்ந்தவர். கதை உடனே ஊரெல்லாம் பரவியது, புத்தகமாகவும் வந்தது. அதே வழியில் இன்னும் சிலரை அனுப்ப முயன்ற சாமுவேல் ஸ்மித் பிடிபட்டுச் சிறைக்குப் போனார். இவ்வளவு விளம்பரம் செய்யாமல் இருந்திருந்தால் வருடத்துக்கு ஆயிரம் பாக்ஸ் பிரவுன்கள் வந்திருப்பார்களே என்று டக்ளஸ் கசப்போடு எழுதினார். புத்தகம் வாசகருக்கு மட்டும் போவதில்லை, அடிமை பிடிப்பவர் கைக்கும் போகிறது.

மேரி பிரின்ஸ் விஷயத்தில் விடுபட்டது வேறு ரகம். அவர் சொல்ல, சூசன்னா ஸ்ட்ரிக்லண்ட் எழுத, பிரிங்கிள் திருத்தினார். பெர்முடா சந்தையில் சிறுமியாக 57 பவுண்டுக்கு விற்கப்பட்டது (அது பெர்முடா நாணயம், பிரிட்டிஷ் கணக்கில் சுமார் 38 என்று பிரிங்கிள் அடிக்குறிப்பு போடுகிறார்), டர்க்ஸ் தீவு உப்பளத்தில் அதிகாலை நாலு மணிக்கே முழங்கால் உப்புநீரில் இறங்கி நின்று கால் முழுக்கப் புண்ணானது, எல்லாம் இருக்கிறது. 1831 ஒரே வருடத்தில் மூன்று பதிப்பு. மூன்றாவதில் முதுகுத் தழும்புகளை நேரில் பார்த்ததாகப் பிரிங்கிளின் மனைவி எழுதிய கடிதமும் சேர்ந்தது. உடம்பே பின்னிணைப்பாகிவிட்டது என்று வையுங்கள்.

ஆனால் அவர் ஒரு வெள்ளைக் கப்பல் தலைவரோடு வாழ்ந்த காலம் புத்தகத்தில் இல்லை. பக்தியுள்ள பிரிட்டிஷ் குடும்பங்கள் படிக்க வேண்டுமே! 1833இல் மேரியின் எசமான் ஜான் வுட், பிரிங்கிள் மேல் அவதூறு வழக்குப் போட்டார். கூண்டில் மேரி அதை மறைக்கவில்லை. எழுதியவரிடம் சொன்னேன் என்றார். சொன்னது அச்சில் வரவில்லை. மேரி வுட்டிடம் வேலை செய்த ஆன்டிகுவா தீவிலிருந்து சாட்சிகளைக் கொண்டுவர பிரிங்கிளால் முடியவில்லை. வுட்டுக்கு 25 பவுண்டு தீர்ப்பானது. வாசகர் முகம் சுளிப்பாரே என்று வெட்டிய இடத்தில்தான் எதிராளி கையை வைத்தார். தொகுப்பாளர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

வெள்ளெருக்கு:

நன்றி, இதுதான் தேவைப்பட்டது. ஒன்று கேட்கிறேன்: இவற்றால் சட்டம் மாறியது என்று சொல்லலாமா? 1831இல் மேரி பிரின்ஸ், 1833இல் பிரிட்டனின் அடிமை ஒழிப்புச் சட்டம். தேதிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றனவே.

பழுப்புத்தாள்:

பக்கத்தில் நிற்பதாலேயே காரணம் ஆகிவிடாது. அந்த இரண்டு வருடத்துக்குள் இன்னும் என்ன நடந்தது பாருங்கள்: 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜமைக்காவில் சாம் ஷார்ப் தலைமையில் பல்லாயிரம் அடிமைகளின் கிளர்ச்சி, 1832இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சீர்திருத்தம், அதனால் தோட்ட முதலாளிகளின் ஆதரவாளர்கள் பலர் இடம் இழந்தது, வண்டி வண்டியாக மனுக்கள். மேரியின் புத்தகம் அந்த மனுக்களுக்கு எண்ணெய் ஊற்றியது, அவ்வளவுதான் சொல்ல முடியும். சட்டத்தையும் தூய அறம் என்று நினைத்துவிடாதீர்கள். 2 கோடி பவுண்டு இழப்பீடு போனது எசமான்களுக்கு. அடிமைகளுக்குக் கிடைத்தது 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் 1838 வரை கூலியில்லா உழைப்பு.

அமெரிக்காவில் இந்தப் புத்தகங்கள் தென்மாநில எசமான் யாரையும் மனம் மாற்றியதாக நான் நம்பவில்லை. அவை குறிவைத்தது வடக்கை. அங்கே ஒரு முட்டுக்கட்டை இருந்தது: 1836 முதல் 1844 வரை அடிமை ஒழிப்பு மனுக்களை நாடாளுமன்றக் கீழவை விவாதத்துக்கே எடுக்காமல் ஒதுக்கி வைத்தது. மனு நுழைய முடியாத காலத்தில் புத்தகம் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தது. 1850இல் தப்பியோடிய அடிமைகள் பற்றிய சட்டம் வந்தபோது வடக்கத்தியரும் பிடித்துக்கொடுக்கக் கடமைப்பட்டார்கள். ஒருவரைத் திருப்பி அனுப்பத் தீர்மானித்தால் வழக்கை விசாரித்த ஆணையருக்கு 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். தப்பியவருக்கு உதவினால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அதற்குள் டக்ளஸையும் வில்லியம் வெல்ஸ் பிரவுனையும் படித்துவிட்டவருக்கு 'திருப்பி அனுப்பு' என்றால் எங்கே அனுப்புவது என்று தெரியும். மாதம் 8 ராத்தல் கறி கொடுக்கும் இடம்.

இன்னொரு வழி, நாவல். 1852இல் ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் எழுதிய டாம் மாமா கதை முதல் வருடத்திலேயே அமெரிக்காவில் 3 லட்சம் விற்றது. தன்வரலாறு எதுவும் அந்த உயரத்தைத் தொடவில்லை. கற்பனை என்று தாக்கியபோது ஸ்டோவ் 1853இல் ஆதாரத் தொகுப்பை வெளியிட்டார், அதில் சாட்சிகளாக வந்தவர்களில் அடிமையாக இருந்தவர்களும் உண்டு. மேரிலாந்தில் சாம் கிரீன் என்ற சுதந்திரக் கறுப்பினப் போதகர் அந்த நாவலை வைத்திருந்ததற்காக 1857இல் பத்து வருடச் சிறைத்தண்டனை பெற்றார். காகிதத்துக்கு அவர்கள் எவ்வளவு பயந்தார்கள் என்பதற்கு அந்தத் தண்டனையே அளவுகோல். கடைசியில் அடிமை முறையை முடித்தது போரும், 1865இல் வந்த அமெரிக்க அரசியலமைப்பின் 13ஆவது திருத்தமும்.

மூன்றாம்பதிப்பு:

படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. உண்மையா பொய்யா என்று ஒட்டுமொத்தமாகக் கேட்காமல், பகுதி பகுதியாகச் சோதியுங்கள்.

ஈக்வியானோவில், கடற்படை வேலை, மான்செராட் தீவில் இருந்தது, 1766இல் 40 பவுண்டு கொடுத்துத் தன்னை மீட்டது ஆகிய பகுதிகள் வெளி ஆவணங்களோடு நன்றாகப் பொருந்துகின்றன. ஆப்பிரிக்காவில் பிறந்தது பற்றி மட்டும் தகராறு: 1759 ஞானஸ்நானப் பதிவேடு அவர் பிறந்த இடம் கரோலினா என்கிறது. அவர் காலத்திலேயே, 1792இல், லண்டன் செய்தித்தாள்கள் அவர் மேற்கிந்தியத் தீவில் பிறந்தவர் என்று எழுத, அடுத்த பதிப்பில் பதில் கொடுத்தார். இன்றும் ஆய்வாளர்கள் இரு பக்கம்தான்.

நார்த்தப்பில், அவரை நியூ ஆர்லியன்ஸுக்குக் கொண்டுபோன 'ஆர்லியன்ஸ்' கப்பலின் 1841 சரக்குப் பட்டியல் கிடைத்திருக்கிறது. அதில் அவர் 'பிளாட் ஹாமில்டன்'. திணிக்கப்பட்ட பெயர்.

டக்ளஸ் தன் வயது தெரியாது என்று தொடங்குகிறார். குதிரைக்குத் தன் வயது தெரியாத மாதிரி அடிமைக்கும் தெரியாது என்கிறார். 1817ஆக இருக்கலாம் என்று கணக்குப் போட்டார். முதல் எசமான் ஏரன் அந்தோணியின் கணக்கேட்டில் 1818 பிப்ரவரி என்று இருக்கிறது. எசமானின் ஏட்டில் இருந்த தேதி, அதற்குரியவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஒரு வருடப் பிழைதான். ஆனால் அந்தப் பிழை அவர் சொன்னதை மறுக்கவில்லை, நிரூபிக்கிறது.

1930களில் அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டம், அடிமையாக இருந்தவர்களிடம் எடுத்த 2,300க்கும் மேற்பட்ட பேட்டிகளை இவற்றோடு கலக்காதீர்கள். அது வேறு வகை ஆவணம். பேட்டி எடுத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர், கேட்கப்பட்டவர்கள் எண்பது வயதைத் தாண்டியவர்கள், ஊரில் இன்னும் பயம் இருந்தது.

நூலகப்பூனை:

ஜேக்கப்ஸை யாரும் முழுதாகத் தொடவில்லை, ஆகவே சேர்க்கிறேன். அவர் எல்லாப் பெயரையும் மாற்றினார்: தான் லிண்டா பிரென்ட், எசமான் ஜேம்ஸ் நார்காம் 'டாக்டர் ஃபிளின்ட்'. மாற்றியிருப்பதாக முன்னுரையில் சொல்லவும் செய்தார். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே, எசமானின் பாலியல் தொல்லையை வெளிப்படையாக எழுதும் பெண் ஊரையும் உறவையும் காப்பாற்ற வேண்டும். அதன் விலை, அது சைல்ட் எழுதிய நாவல் என்று நூறு வருடத்துக்கு மேல் பலர் நம்பியது. கடிதங்களையும் ஜேக்கப்ஸின் ஊரான ஈடன்டனின் ஆவணங்களையும் தேடிப் பிடித்து ஜீன் ஃபேகன் யெலின் 1981 முதல் ஒவ்வொன்றாக நிரூபித்தார். 1987இல் அவருடைய பதிப்பு வந்தது. 9 அடி நீளம், 7 அடி அகலம், உச்சியில் 3 அடி உயரம் மட்டுமே உள்ள பாட்டி வீட்டுக் கூரைப் பொந்தில், எசமானிடமிருந்து தப்பி ஏழு வருடம் ஒளிந்திருந்தார் என்பது மிகை மாதிரித் தோன்றியதும் சந்தேகத்துக்கு ஒரு காரணம்.

நார்காம் 1835இல் வெளியிட்ட நிஜ விளம்பரம் இருக்கிறது: 100 டாலர் பரிசு, 21 வயது, 5 அடி 4 அங்குலம், சரளமாகப் பேசுவாள். (புத்தகத்தில் 300 டாலர். எதிராளி பிடிக்கக்கூடிய இடம், ஆனால் யாரும் பிடிக்கவில்லை.) அந்தச் 'சரளமாகப் பேசுவாள்' என்ற சான்றிதழை எசமானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

புத்தகத்தில் நான் அடிக்கடி திரும்பிப் போகும் அத்தியாயம், அவர் பொந்தில் இருந்தபடியே நியூயார்க் செய்தித்தாள் துண்டிலிருந்து தெருப் பெயரை எடுத்து, அங்கிருந்து எழுதுவது போல எசமானுக்குக் கடிதம் போட்டது. நண்பர் ஒருவர் வழியாக வடக்கே கொண்டுபோய் அஞ்சலில் சேர்த்தார்கள். கடிதம் வந்ததும் டாக்டர் பாட்டி வீட்டுக்கே வந்து, தனக்கு வேண்டிய மாதிரி மாற்றி எழுதிவைத்திருந்த வேறொரு கடிதத்தை 'லிண்டா எழுதியது' என்று சத்தமாக வாசித்துக் காட்டினார். எழுதியவள் அதே வீட்டில் ஒளிந்திருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.